6. சால்ட்மார்ஷ்: ஏழு கதைகளுக்கு ஒரு துறைமுகம்

இந்த அத்தியாயம் ஆட்டத்தை நடத்தும் டிஎம்முக்கு மட்டும். 'கோஸ்ட்ஸ் ஆஃப் சால்ட்மார்ஷ்' நூலின் முடிச்சுகள் அத்தனையும் இங்கே அவிழ்கின்றன. அந்தக் கதையில் ஆட்டக்காரராக உட்காரும் எண்ணம் இருப்பவர்கள் இப்போதே அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடுங்கள்.

கடல் கதை வேண்டும் என்று கேட்கும் குழுவுக்கு நான் முதலில் பரிந்துரைக்கும் நூல் இது. 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஐந்தாம் பதிப்புக்காக விஸார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் 2019 மே மாதம் வெளியிட்டது. முதல் லெவலில் தொடங்கும் பாத்திரங்களைப் பன்னிரண்டாம் லெவல் வரை கொண்டுபோகலாம். வாங்கியவுடன் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: உள்ளே இருப்பது ஒரே நெடுங்கதை அல்ல, ஏழு தனிக் கதைகள். மூன்று கதைகள் 1981 முதல் 1983 வரை டிஎஸ்ஆர் நிறுவனத்தின் பிரிட்டிஷ் கிளைக்காக டேவ் பிரவுனும் டான் டர்ன்புல்லும் எழுதிய பழைய தொடர். மீதி நான்கும் 1992க்கும் 2005க்கும் இடையே 'டன்ஜன்' இதழில் வேறு வேறு ஆட்கள் எழுதியவை. அவை பிறக்கும்போது ஒன்றுக்கொன்று எந்த உறவும் இல்லை.

ஆகவே அட்டை முதல் அட்டை வரை அப்படியே நடத்தினால், ஏழு நல்ல சாகசங்கள் கிடைக்கும். ஒரு கதை கிடைக்காது. ஆட்டக்காரர்கள் ஒரு தீவில் இறங்குவார்கள், அடிப்பார்கள், புதையலோடு திரும்புவார்கள், மறுவாரம் வேறு தீவு. நான்காவது தீவில் சலிப்பு தட்டும். இந்த ஏழையும் சேர்த்துக் கட்டும் கயிறு நூலின் முதல் அத்தியாயத்தில் இருக்கிறது. அதுதான் சால்ட்மார்ஷ் என்ற ஊர். பலர் அந்தப் பக்கங்களை வேகமாகப் புரட்டிவிட்டு முதல் சாகசத்துக்குத் தாவுகிறார்கள். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். தயாரிப்புக்கு உங்களுக்குக் கிடைக்கும் நேரத்தில் பாதியை ஊருக்குக் கொடுங்கள்.

சால்ட்மார்ஷ் கியோலண்ட் அரசின் கடலோரத்தில் உள்ள சிறிய மீன்பிடி ஊர். மீனும் கள்ளக்கடத்தலுமாக வாழ்ந்த ஊருக்கு இப்போது அரசரின் கண் பட்டிருக்கிறது. அருகே குள்ளர்களின் சுரங்கம் தோண்டப்படுகிறது. கடற்படை வரப்போகிறது, வரி வரப்போகிறது. பழைய வாழ்க்கையே போதும் என்பவர்கள் ஒரு கட்சி, அரசரோடு சேர்ந்தால் ஊர் வளரும் என்பவர்கள் ஒரு கட்சி. ஊரை ஆள்வது ஐந்து பேர் கொண்ட மன்றம். மீனவர்களின் குரலாக ஈடா ஓவலண்ட், காவலுக்குப் பொறுப்பான எலியாண்டர் ஃபயர்பார்ன், சுரங்கத்தை நடத்தும் மானிஸ்ட்ராட் காப்பர்லாக்ஸ், பெரிய வணிகர் கெலன் பிரைம்வாட்டர், தாயின் மறைவுக்குப் பின் குடும்ப வணிகத்தைச் சுமக்கும் இளைஞன் ஆண்டர்ஸ் சோல்மோர்.

இந்த ஐவரில் கெலனையும் ஆண்டர்ஸையும் நன்றாகப் படித்து வையுங்கள். கெலனுக்குக் கடத்தல்காரர்களோடு தொடர்பு உண்டு. ஆண்டர்ஸ் நல்லவன்தான், ஆனால் அவன் வீட்டில் வேலை செய்யும் ஸ்கெரின் என்பவன் ஸ்கார்லெட் பிரதர்ஹுட் என்னும் ரகசிய அமைப்பின் ஒற்றன். ஊருக்குள் இருந்தே ஊரைக் கெடுப்பது அவன் வேலை. ஸ்கெரினை எதிரியாக அறிமுகப்படுத்தவே வேண்டாம். ஆட்டக்காரர்கள் முதன்முறை ஆண்டர்ஸ் வீட்டில் சாப்பிடும்போது பரிமாறுகிறவன் அவன். இரண்டாம் முறை அவர்களுடைய ஈர உடையை வாங்கிக் காயவைக்கிறவனும் அவன்தான். பத்து செஷன் கழித்து அவன் யார் என்று தெரியவரும்போது மேசையைச் சுற்றி எழும் சத்தத்துக்காகவே இவ்வளவு பொறுமை தகும்.

கட்சிகளைப் பற்றி முதல் நாளே விளக்க உரை ஆற்றாதீர்கள், யாருக்கும் நினைவில் நிற்காது. பதிலாக, ஒவ்வொரு ஆட்டக்காரரும் பாத்திரம் உருவாக்கும்போதே ஊரில் ஒருவரைச் சொந்தமாகக் கொள்ளட்டும். ஒருத்திக்கு ஈடாவின் படகில் வேலை செய்யும் சித்தி, இன்னொருவனுக்குச் சுரங்கத்தில் கடன்பட்ட அண்ணன், மற்றொருவனுக்குக் கடல் தெய்வமான புரோக்கன் கோயிலின் பூசாரி. அரசியல் அந்தச் சித்தியின் வயிற்றுப்பாட்டின் வழியாகத்தான் ஆட்டத்துக்குள் வர வேண்டும். ஒவ்வொரு பயணம் முடிந்து திரும்பும்போதும் அடுத்த செஷனின் முதல் அரைமணி நேரத்தை ஊரிலேயே கழியுங்கள். அவர்கள் செய்த காரியத்தால் ஊரில் ஒன்று மாறியிருக்கட்டும். கடத்தல் நின்றதால் ஒரு கடை மூடிக் கிடக்கலாம். கடல் வழி பாதுகாப்பானதால் புதிய படகு ஒன்று கட்டப்படலாம்.

முதல் சாகசமான 'தி சினிஸ்டர் சீக்ரெட் ஆஃப் சால்ட்மார்ஷ்' 1981இல் எழுதப்பட்டது. இன்றும் தொடக்க லெவலுக்கு இதைவிடச் சிறந்த சாகசம் அபூர்வம் என்பேன். ஊருக்கு வெளியே கடலோரக் குன்றில் ஒரு பாழடைந்த வீடு. முன்பு அங்கே ஒரு ரசவாதி வாழ்ந்தான், இப்போது பேய் உலாவுவதாக ஊரில் பேச்சு. உண்மையில் அங்கே பேயாட்டம் ஆடுவது கடத்தல்காரர்கள். வீட்டிலிருந்து விளக்கு அசைத்துக் கடலில் நிற்கும் 'சீ கோஸ்ட்' கப்பலுக்குச் சைகை காட்டுவார்கள். சாகசத்தின் முதல் பாதி வீடு, இரண்டாம் பாதி அந்தக் கப்பல்.

வீட்டை நடத்தும்போது உங்களுக்கு ஒரு கட்டுப்பாடு வேண்டும். இது பொய்ப் பேய் என்று உங்களுக்குத் தெரியும் என்பதால் வர்ணனையில் சிரிப்பு கலந்துவிடக் கூடாது. முழு நம்பிக்கையோடு பயமுறுத்துங்கள். அதே சமயம் தடயங்களை ஒளிக்காதீர்கள்: தூசியில் புதிய காலடி, எண்ணெய் போட்ட கதவுக் கீல், மாடியில் கடலைப் பார்த்த ஜன்னலருகே விளக்குக் கரி. கூர்ந்து பார்க்கிறவர்கள் தாங்களே கண்டுபிடிக்கட்டும். மாடி அறையில் கட்டிப்போடப்பட்டுக் கிடக்கும் நெட் ஷேக்ஷாஃப்ட் என்பவன் கைதி வேடம் போட்ட உளவாளி. அவன் பொய் சொல்கிறானா என்று ஆட்டக்காரர் பகடை உருட்டிக் கேட்டால், நேர்மையாகப் பதில் சொல்லுங்கள். உருட்டாதவரை நீங்களாக எதையும் காட்டிக்கொடுக்காதீர்கள்.

இரண்டாம் பாதியில் அவர்கள் இரவில் படகு வலித்துச் சீ கோஸ்ட்டை நெருங்க வேண்டும். இதுதான் அவர்களின் முதல் கடல் அனுபவம், அவசரப்படாதீர்கள். சைகை விளக்கு தெரிந்ததா? துடுப்புச் சத்தம் கேட்குமா? இரும்புக் கவசம் போட்டவன் கயிற்றேணியில் வழுக்கினால் என்ன ஆகும்? கப்பலின் தளப்படத்தைப் பெரிதாக அச்சிட்டு மேசையில் விரித்து வையுங்கள். தளம் குறுகலானது, எல்லாரும் ஒருவர் முதுகில் ஒருவராக நிற்க வேண்டியிருக்கும். கடல் சண்டை என்பது இடநெருக்கடி என்று அவர்கள் இங்கே கற்றுக்கொண்டால் பின்னால் எல்லாமே எளிது. அடித்தளத்தில் இரண்டு சங்கதிகள் காத்திருக்கின்றன. சிறைப்பட்ட கடல் எல்ஃப் ஓஷியானஸ் ஒன்று, பல்லி மனிதர்களுக்குப் போகவிருந்த ஆயுதங்கள் மற்றொன்று. யாரோ பல்லி மனிதர்களுக்கு ஆயுதம் விற்கிறார்கள், அப்படியானால் ஊரின் மேல் படையெடுப்பு வரப்போகிறது என்று மன்றம் பதறும்.

அந்தப் பதற்றம்தான் 'டேஞ்சர் அட் டன்வாட்டர்' சாகசத்தின் வாசல். நூல் முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. அதிகம் பேர் கெடுப்பதும் இதைத்தான். பல்லி மனிதர்கள் ஆயுதம் சேர்ப்பது உண்மை. ஆனால் அது சால்ட்மார்ஷைத் தாக்க அல்ல. சஹுவாகின் என்னும் மீன் மனித இனத்தார் அவர்களை அவர்களது சொந்த வசிப்பிடத்திலிருந்து விரட்டிவிட்டார்கள். அதை மீட்கத்தான் ராணி ஒதோகென்ட்டின் மக்கள் பிற கடல் இனங்களோடு கூட்டணி பேசிக்கொண்டிருக்கிறார்கள். கதவை உடைத்துக்கொண்டு வாளோடு நுழையும் குழு, கடைசி அறையில்தான் தாங்கள் கொன்று குவித்தது நாளைய நண்பர்களை என்று உணரும். 1982இல் ஓர் ஆட்டப் புத்தகம் இப்படி ஒரு கேள்வியைக் கேட்டது என்பது எனக்கு இன்றும் வியப்பு.

கேள்வி நியாயமாக இருக்க வேண்டுமானால், உண்மையை அறியும் வாய்ப்பு முன்கூட்டியே கிடைக்க வேண்டும். முந்தைய சாகசத்தில் வாள்தான் விடை என்று பழக்கிவிட்டு, இங்கே மட்டும் வாளை எடுத்ததற்குத் தண்டிப்பது சரியல்ல. எனவே மூன்று வாசல்கள் திறந்து வையுங்கள். ஓஷியானஸைக் காப்பாற்றியவர்களிடம் அவன் சஹுவாகின்களைப் பற்றி வாய் திறக்கட்டும். வழியில் முதலில் எதிர்ப்படும் பல்லி மனிதர் சண்டைக்கு வராமல், கை உயர்த்தி, அரைகுறைப் பொது மொழியில் ஒரு கேள்வி கேட்கட்டும். உள்ளே நுழைந்துவிட்டால், எதிரியின் படை வீடு என்று நினைத்த இடத்தில் குஞ்சு பொரிக்கும் அறையும் சமையல் அறையும் கண்ணில் படட்டும். இவ்வளவுக்குப் பிறகும் வாளை எடுத்தால் அது அவர்களின் முடிவு. அதன் விளைவைக் குறைக்காதீர்கள், ஆனால் கதையையும் முடித்துவிடாதீர்கள். ராணி பழியீடு கேட்கலாம். இறந்தவர்களின் குடும்பங்களுக்கு நட்டஈடு, 'ஆயிரம் பற்கள்' என்று பேர் பெற்ற ராட்சத முதலையைக் கொன்று சதுப்பு நிலத்தைக் காப்பது போன்ற வேலை. உடைந்த உறவைச் சரிசெய்ய இரண்டு மூன்று செஷன் ஆகும். அந்தச் செஷன்கள்தான் பெரும்பாலும் குழுவுக்கு நினைவில் நிற்கும்.

அடுத்து கப்பல். ஆட்டக்காரர்கள் முதல் நாளிலிருந்தே சொந்தக் கப்பலுக்கு ஏங்குவார்கள். சீ கோஸ்ட்டைப் பிடித்தவுடன் அதைக் கேட்பார்கள். கொடுங்கள். மன்றத்தின் அனுமதிச் சீட்டு, பழுது பார்க்கும் செலவு, மாலுமிகளின் கூலி எல்லாம் சேர்த்துக் கொடுங்கள். நூலின் முதல் பின்னிணைப்பில் கப்பல் விதிகள் உள்ளன. துடுப்புப் படகிலிருந்து போர்க்கப்பல் வரை அளவுகள், கேப்டன், துணைக் கேப்டன், போசன், குவார்ட்டர்மாஸ்டர், மருத்துவர், சமையல்காரர் என்று ஆறு பதவிகள், மாலுமிகளின் தரத்துக்கு −10 முதல் +10 வரை ஓர் எண். பதவிகளை முதலில் பங்கிடுங்கள். மாயவித்தைக்காரனைச் சமையல்காரனாக்கினால் அவனுக்கும் பயண நாட்களில் ஒரு வேலை இருக்கும். மாலுமிகளில் நால்வருக்காவது பெயரும் ஒரு குறையும் கொடுங்கள். தர எண் இறங்கும்போது அந்தக் குறை பேச வேண்டும். எண் இரண்டு குறைந்தது என்று அறிவிப்பதைவிட, கிழட்டு மாலுமி கஞ்சியைத் தளத்தில் கொட்டிவிட்டுக் கேப்டனையே முறைக்கிறான் என்று சொன்னால் போதும்.

பாய்மரக் கப்பல் இந்த விதிகளின்படி மணிக்கு 5 மைல், இரவும் பகலும் ஓடினால் நாளொன்றுக்கு 120 மைல் போகும். ஆகவே சால்ட்மார்ஷைச் சுற்றிய பயணங்கள் பெரும்பாலும் ஓரிரு நாளில் முடிந்துவிடும். ஒவ்வொரு நாளுக்கும் ஏதேனும் அரக்க உயிர் வருகிறதா என்று பகடை உருட்டுவதை நான் விரும்புவதில்லை. கடலில் தினமும் சண்டை வந்தால் கடல் சந்தைத் தெருவாகிவிடும். பயணத்துக்கு ஒரே ஒரு சம்பவம் தேர்ந்தெடுத்து அதை நன்றாக நடத்துங்கள்: மூடுபனி, தண்ணீர்ப் பீப்பாயில் விழுந்த விரிசல், யாருடையது என்று தெரியாத மிதக்கும் கொடிமரம். காற்றையும் மறக்காதீர்கள். எங்கிருந்து அடிக்கிறது என்பதை ஒவ்வொரு காட்சியின் தொடக்கத்திலும் சொல்லுங்கள். உங்கள் மேசையில் பேச்சு தமிழில் நடந்தால், நம் கடற்கரைகளில் புழங்கும் சொற்கள் கைவசம் இருக்கின்றன. அணியம், சுக்கான், பாய், நங்கூரம், வாடை, கொண்டல், சோழகம் என்று பேசத் தொடங்கினால் ஆட்டக்காரர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

'சால்வேஜ் ஆபரேஷன்' ஒரே மாலையில் முடியக்கூடிய கதை. காணாமல் போன 'எம்பரர் ஆஃப் தி வேவ்ஸ்' கப்பல் மிதந்து வருகிறது, உள்ளே சிலந்திகள், ஒரு பெட்டியை மீட்க வேண்டும், கடைசியில் ராட்சத எண்காலி கப்பலைப் பிளக்கிறது. கப்பல் மூழ்கும்போது மேசையில் உண்மையான கடிகாரம் ஒன்றை ஓடவிடுங்கள். வேறு எதுவும் தேவையில்லை. 'ஐல் ஆஃப் தி ஆபி' அதைவிடச் சாதாரணம். மணலுக்குள்ளிருந்து எலும்புக்கூடுகள் எழும் கடற்கரை மட்டும் அருமை. தீவைச் சுத்தம் செய்தபின் அங்கே கலங்கரை விளக்கம் எழும்பும் என்பதைப் பிடித்துக்கொள்ளுங்கள். பிந்தைய பயணங்களில் அந்த விளக்கு வெளிச்சம் தெரியட்டும்.

'தி ஃபைனல் எனிமி' வேறு ரகம். சஹுவாகின் கோட்டைக்குள் போய் எத்தனை பேர், எத்தனை வாசல், எங்கே ஆயுதம் என்று உளவறிந்து வர வேண்டும். எல்லாரையும் கொல்ல முடியாது. முயன்றால் குழு அழியும். இதை ஆட்டம் தொடங்கும் முன்பே வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். மன்றத்தின் வாயிலாகவும் சொல்லுங்கள், டிஎம்மாக நேரிலும் சொல்லுங்கள். ஒவ்வொரு சரியான தகவலுக்கும் பின்னால் வரும் போரில் ஒரு பயன் உண்டு என்று அறிவித்துவிட்டால், அவர்கள் வாளை உறையிலிட்டுக் காகிதமும் பென்சிலும் எடுப்பார்கள். டன்வாட்டரில் உறவு காத்தவர்களுக்கு இங்கே பரிசு இருக்கிறது. இந்தக் கோட்டை பல்லி மனிதர்களிடமிருந்து பறிக்கப்பட்ட வீடுதான், ஆகவே பழைய அறைகளின் அமைப்பை ஒரு கிழவர் மணலில் வரைந்து காட்ட முடியும்.

கோட்டையின் கீழ்ப்பகுதி நீருக்குள் இருக்கிறது. ஐந்தாம் பதிப்பின் 2014 நீரடி விதிகளை ஒரு அட்டையில் எழுதி ஒவ்வொருவர் முன்னாலும் வையுங்கள். நீந்தும் வேகம் இல்லாதவர் வாளோ கோடரியோ வீசினால் இரண்டு பகடை உருட்டிக் குறைந்ததை எடுக்க வேண்டும். குத்துவாள், ஈட்டி, எறியீட்டி, குறுவாள், சூலம் ஆகியவற்றுக்கு அந்தத் தடை இல்லை. வில் அம்பு அருகில் மட்டுமே, அதுவும் தடையோடு, குறுக்குவில் பரவாயில்லை. முழுக நனைந்தவர்களை நெருப்பு பாதிதான் சுடும். மூச்சடக்கும் நேரம் ஒரு நிமிடத்தோடு கான்ஸ்டிடியூஷன் மாடிஃபையர் அளவு நிமிடங்கள். நீருக்குள் சுவாசிக்கும் மந்திரம் மூன்றாம் நிலையில் கிடைக்கும், பத்துப் பேருக்கு 24 மணி நேரம் நீடிக்கும். அதைச் சொல்லக்கூடியவர் குழுவில் இல்லையென்றால் மருந்துக் குப்பிகளாகக் கொடுங்கள், கணக்காக. எதிரி மேலிருந்தும் கீழிருந்தும் வரலாம் என்பதால் மினியேச்சர்களுக்கு அடியில் சிறு கட்டைகளை வைத்து உயரம் காட்டினால் குழப்பம் தீரும்.

'டேமராட்ஸ் ஃபேட்' தொடங்கும் முன் ஒரு உரையாடல் அவசியம். மூழ்கி இறந்தவர்கள் இரவில் கடலிலிருந்து எழுந்து வந்து ஒரு தீவின் மடத்தை முற்றுகையிடும் கதை இது. நம் கரையோர ஊர்களிலிருந்து வந்த ஆட்டக்காரருக்கு, சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 வெறும் தேதி அல்ல. மீன்பிடிக்கப் போய்த் திரும்பாத அப்பாவும் மாமாவும் இருக்கும் குடும்பங்கள் எத்தனையோ. அவர்களுக்கு முன்னால் கடலில் செத்தவர்களைப் பூதமாக எழுப்பும் உரிமை நமக்கு அவர்கள் கொடுத்தால்தான் உண்டு. முழு விளையாட்டும் தொடங்கும் முன்பே, கடல் கதையில் என்னென்ன வேண்டாம் என்று தனித்தனியாகக் கேளுங்கள்: மூழ்குவது, பேரலை, குழந்தைகள் காணாமல் போவது. மேசையின் நடுவில் எக்ஸ் அட்டை ஒன்று இருக்கட்டும். அதைத் தொட்டால் காட்சி நிற்கும், காரணம் கேட்கப்படாது. யாருக்காவது இந்தச் சாகசம் வேண்டாம் என்றால் முழுதாக விட்டுவிடுங்கள். எட்டாம் ஒன்பதாம் லெவலை நிரப்ப ஸ்கெரினும் அவன் கூட்டமும் போதும்; அத்தனை செஷனாகக் காத்திருந்த ஆள் அவன்.

நடத்துவதென்று முடிவானால் இதை முற்றுகையாகவே நடத்துங்கள். பகல் பொழுதில் மடத்தின் கதவுகளை ஆட்டக்காரர்களே அடைக்கட்டும், எண்ணெய் எங்கே, ஏணி எங்கே என்று அவர்களே வரைபடத்தில் குறிக்கட்டும். இரவில் உங்கள் வேலை அவர்கள் போட்ட திட்டத்தை மதிப்பது. நன்றாக அடைத்த கதவு நன்றாகத் தாங்க வேண்டும்.

கடைசிக் கதையான 'தி ஸ்டைஸ்' அழுகிய ஒரு துறைமுகப் பகுதியில் நடக்கும் கொலைகளைத் துப்புத் துலக்குவது. பின்னால் இருந்து இயக்குவது அபோலெத் என்னும் ஆதிகால நீர்வாழ் உயிர். அது இளம் கிராக்கன் ஒன்றை வளர்த்துவருகிறது. கதை நல்லது, ஆனால் சால்ட்மார்ஷுக்கும் அதற்கும் ஒட்டு இல்லை. பதினோராம் லெவலில் திடீரென்று புது ஊரில் கொண்டுபோய் இறக்கினால், இதுவரை கட்டிய பாசம் எல்லாம் பின்னால் நின்றுவிடும். நான் செய்வது இது: ஸ்டைஸைப் பக்கத்துத் துறைமுகமான சீட்டனின் நலிந்த ஒரு மூலையாக மாற்றிவிடுவேன். மூன்றாம் லெவலிலேயே ஆட்டக்காரர்கள் சரக்கு விற்க ஒருமுறை அங்கே போய் வரட்டும், அந்த நாற்றத்தை நுகரட்டும். பிறகு சால்ட்மார்ஷிலிருந்து பிழைப்புத் தேடி அங்கே போன ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். கடத்தல் நின்றபோது கடையை மூடியவர் இருந்தாரே, அவரே ஆகட்டும். கொலையானவர்களின் பட்டியலில் அவர் பெயரை நான்காவதாகச் சேருங்கள். அவர் சாவைச் சொல்லும் கடிதத்தைச் சால்ட்மார்ஷுக்கு எடுத்து வருவது யார், முதலில் படிப்பது யார் என்பதை மட்டும் முந்தைய இரவே முடிவு செய்து வையுங்கள்.